கரை சரிந்த பிறகு மிஞ்சிய ஒன்றரை மீட்டர்

1971 பிப்ரவரி 9, காலை ஆறு மணி. லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கை 6.6 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. பலத்த குலுக்கல் நீடித்தது பத்துப் பதினைந்து விநாடிகள்தான். அது ஓய்ந்தபோது லோயர் சான் ஃபெர்னாண்டோ அணை நின்றுகொண்டிருந்தது. சரிந்தது அதற்குப் பிறகுதான், ஏறத்தாழ அரை நிமிடம் கழித்து.

நாற்பது மீட்டருக்கு மேல் உயரமுள்ள மண் அணை அது. தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்த உட்சரிவு முழுவதும் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கியது. போகும்போது கரையின் உச்சியையும், வெளிச்சரிவின் மேற்பகுதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. சரிந்த மண் நீருக்கடியில் ஐம்பது மீட்டருக்கும் அப்பால் போய்ப் படிந்தது. தண்ணீருக்கும் பள்ளத்தாக்குக்கும் இடையில் மேலே மிஞ்சியது ஒன்றரை மீட்டர் உயர மண். அதுவும் முழு மண் அல்ல; வெடிப்பு வெடிப்பாகப் பிளந்து நின்ற மண். அதன் கீழே குடியிருந்த 80,000 பேரை வெளியேற்றிவிட்டு, அடுத்த மூன்று நான்கு நாட்கள் தண்ணீரை இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த நாட்களில் பெரிய பின்னதிர்வு ஒன்று வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போட யாருக்கும் கணிதம் தேவைப்பட்டிருக்காது.

அன்று நீர்மட்டம் கரையின் உச்சிக்கு 11 மீட்டர் கீழே இருந்தது. சரிவு தின்றது ஒன்பது மீட்டருக்கும் மேல். நீர் இரண்டு மீட்டர் கூடுதலாக நின்றிருந்தால் அந்தக் காலை வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும். மண் அணைகளும் நிலநடுக்கமும் பற்றிய நவீன அறிவின் பெரும்பகுதி இந்த ஒரு சரிவைத் துருவி ஆராய்ந்ததில் பிறந்தது. அந்த அறிவைத் தொகுத்துப் படிக்கும்போது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: தப்பிய அணைகள் பலவற்றில் அன்றைக்குத் தண்ணீர் குறைவாக இருந்தது. அதை அணையின் வலிமை என்று எழுதிவைத்துவிடக் கூடாது.

குலுக்கல் நின்ற பிறகு சரிந்தது என்று எப்படித் தெரியும்? அணையின் உச்சியில் ஒன்றும், பக்கத்துப் பாறை மேட்டில் ஒன்றுமாக இரண்டு எளிய அதிர்வுக் கருவிகள் வைக்கப்பட்டிருந்தன. கண்ணாடி வில்லையில் முள் கோடு கிழிக்கும் கருவி. மின்சாரம் வேண்டாம், கடிகாரமும் கிடையாது. உச்சியில் இருந்த கருவி சரிந்த மண்ணோடு சேர்ந்து போய்ச் சாய்ந்தது. மீட்டெடுத்த வில்லையில் அதிர்வின் கோடுகளும் சாய்வின் கோடுகளும் பதிந்திருந்தன. பெரிய அதிர்வுகள் அடங்கிய பிறகே சாய்வு தொடங்கியிருந்தது. பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி போல்டன் சீடும் அவருடைய குழுவினரும் இந்தக் கோடுகளைப் பொறுமையாகப் படித்து அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தார்கள். அணையைத் தள்ளிச் சாய்த்தது நிலநடுக்கத்தின் விசை என்றால், தள்ளும்போதே அல்லவா சாய்ந்திருக்க வேண்டும்? விசை போன பிறகு சாய்ந்தது என்றால், நிலநடுக்கம் அணையின் உள்ளே எதையோ மாற்றிவிட்டுப் போயிருக்கிறது. அணையின் சொந்த எடையையே தாங்க முடியாத நிலைக்கு மண் வந்துவிட்டது.

அதற்கு முன் பல பத்தாண்டுகளாகப் பொறியாளர்கள் வைத்திருந்த கணக்கு எளிமையானது. நிலநடுக்கத்தை ஒரு நிலையான பக்கவாட்டுத் தள்ளலாக எடுத்துக்கொள்வார்கள். அணையின் எடையில் நூற்றுக்குப் பத்து அல்லது பதினைந்து பங்கு விசை பக்கவாட்டில் அழுத்துவதாக வைத்து, மண்ணின் வலு அதைத் தாங்குமா என்று பார்ப்பார்கள். தாங்கினால் அணை பத்திரம். லோயர் சான் ஃபெர்னாண்டோ அணைக்கு அந்த முறையில் கணக்குப் போட்டால், பதினைந்து பங்குத் தள்ளலுக்கும் 1.3 மடங்கு வலு இருப்பதாகவே விடை வருகிறது. 1925-ல் சான்டா பார்பரா நிலநடுக்கத்தில் ஷெஃபீல்ட் அணையின் நடுப்பகுதி, ஏறத்தாழ 90 மீட்டர் நீளம், அடித்தளத்தோடு வழுக்கி 30 மீட்டர் நகர்ந்து போனது. அதற்கும் இந்தக் கணக்கு 'பத்திரம்' என்றே சொல்கிறது. தவறு கூட்டல் கழித்தலில் இல்லை. குலுங்கும்போதும் மண்ணின் வலு மாறாமல் இருக்கும் என்று எடுத்துக்கொண்டதில் இருந்தது.

எந்த மண் மாறும், எது மாறாது? அரிசியைப் படியில் அளப்பவர்கள் படியைத் தட்டுவார்கள். தட்டினால் அரிசி இறங்கும். தளர்வாகக் கிடந்த மணிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம். தளர்வான மணலும் குலுக்கினால் இப்படித்தான் நெருங்கப் பார்க்கும். மணிகளுக்கு இடையில் காற்று இருந்தால் சிக்கல் இல்லை. மணல் சற்றே அமுங்கும், அவ்வளவுதான். இடைவெளி முழுவதும் தண்ணீர் நிறைந்திருந்தால் கதை வேறு. மணிகள் நெருங்க வேண்டுமானால் தண்ணீர் வெளியேற வேண்டும். சில விநாடிகளில் அது வெளியேற முடியாது. வழி கிடைக்காத தண்ணீர், மேலே இருக்கும் மண்ணின் சுமையைத் தானே ஏற்றுக்கொள்கிறது.

மண்ணின் வலு மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கும் உராய்வில்தான் இருக்கிறது. கார்ல் டெர்சாகி 1920-களில் நிறுவிய இந்த உண்மையின் மேல்தான் மண் இயந்திரவியல் என்ற துறையே நிற்கிறது. சுமை தண்ணீருக்கு மாறிய அளவுக்கு மணிகளின் பிடி தளர்கிறது. ஒவ்வொரு குலுக்கலும் நீர் அழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டுகிறது. ஒரு கட்டத்தில் மொத்தச் சுமையும் தண்ணீரின் மேல் போய்விட, மணல் திடப்பொருளாக நடந்துகொள்வதை நிறுத்திவிடுகிறது. இதைத்தான் மண் திரவமாதல் என்கிறோம். 1964-ல் அலாஸ்காவிலும் ஜப்பானின் நீகாட்டாவிலும் நடந்த பேரழிவுகள் இந்த நிகழ்வின் மேல் உலகின் கவனத்தைத் திருப்பியிருந்தன. அணைக்குள் அது எப்படி நடக்கும் என்பதைச் சான் ஃபெர்னாண்டோ காட்டியது.

அந்த அணை கட்டப்பட்ட விதத்தைப் பார்த்தால், மணல் அங்கே ஏன் தளர்வாக இருந்தது என்று புரியும். 1912-ல் தொடங்கிய வேலை. மண்ணைத் தண்ணீரில் கரைத்து வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து, இரு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கிப் பாய விட்டார்கள். கனமான மணல் ஓரங்களிலேயே படிந்தது; நுண்ணிய களி நடுவில் தேங்கி மெல்ல அடங்கியது. நீர் கசியாத களிமண் நடுவிலும், நீர் வடியும் மணல் இரு பக்கங்களிலும் தாமாகவே பிரிந்து அமைந்துவிடுகின்றன. லாரியும் ரோலரும் பரவலாக வராத காலத்தில் அது உண்மையிலேயே திறமையான, மலிவான உத்தி. ஆனால் தண்ணீரில் மிதந்து வந்து படிந்த மணலை யாரும் மிதித்துக் கெட்டிப்படுத்தவில்லை. அறுபது ஆண்டுகள் அது அப்படியே, நீரில் ஊறிக்கொண்டு, ஒரு குலுக்கலுக்காகக் கிடந்தது.

பிறகு சரிவுக்குள் குழி வெட்டிப் பார்த்தபோது தெரிந்த காட்சி வியப்பானது. திரவமாகியிருந்தது உட்சரிவின் அடிப்பகுதியில் இருந்த ஒரு மணல் பட்டைதான். அதன் மேல் இருந்த மண், உடையாத பெரிய பாளங்களாக, இளகிய மணலின் மேல் மிதந்து நகர்ந்திருந்தது. அடிப்பட்டையில் ஏறிய நீர் அழுத்தம் சுற்றிலும் பரவி, தாங்கிக்கொண்டிருந்த மண்ணையும் பலவீனப்படுத்த அரை நிமிடம் எடுத்துக்கொண்டது.

இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு. அதையும் அதே அக்கறையோடு சொல்ல வேண்டும். 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்த நிலநடுக்கம் 1971-ஐவிடப் பல மடங்கு பெரியது. அதை உண்டாக்கிய நிலப்பிளவுக்கு அருகே முப்பது அளவில் மண் அணைகள் இருந்தன. குதிரை வண்டிகளில் மண் கொண்டுவந்து கொட்டிக் கட்டிய பழைய அணைகள். அப்பர் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் அணையின் குறுக்கே பிளவே ஓடி, ஒரு பாதியை மறு பாதியிலிருந்து இரண்டு மீட்டருக்கும் மேல் நகர்த்திவிட்டது. அப்படியும் அந்த அணைகளில் எதுவும் உடையவில்லை. அவை பெரும்பாலும் களிமண் கரைகள், கெட்டியான அடித்தளத்தின் மேல். களிமண் துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருப்பவை. குலுக்கலுக்கு மணலைப்போல நெகிழ்ந்து கொடுப்பதில்லை. 'மண் அணை' என்ற ஒரே பெயரில் நாம் அழைப்பவற்றுக்குள் இத்தனை வேறுபாடு இருக்கிறது. ஒரு நாட்டில் எத்தனை மண் அணைகள் என்ற எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால், ஆபத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் தெரியாது என்றுதான் பொருள்.

கெட்டிப்படுத்திய நல்ல அணையும் காயமில்லாமல் தப்பிவிடாது. அடியில் வரும் அதிர்வு உயரே போகப் போகப் பெருகும். உச்சி அடித்தளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தோடு ஆடும். ஒவ்வொரு பெரிய ஆட்டத்திலும் சரிவின் மண் கொஞ்சம் வழுக்கும், ஆட்டம் திரும்பும்போது நிற்கும், மறுபடி வழுக்கும். 1965-ல் லண்டனில் நிகழ்த்திய ரேங்கின் சொற்பொழிவில் பொறியாளர் நேதன் நியூமார்க் சொன்னது இதைத்தான். அணை தாங்குமா தாங்காதா என்று ஒரே கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, நிலநடுக்கம் முடியும்போது எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கேளுங்கள் என்றார். சாய்தளத்தில் வைத்த ஒரு கட்டையைக் குலுக்குவதாக எண்ணிக் கணக்கிட்ட அவருடைய முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மண்ணின் வலு குலையாத அணைகளுக்கு மட்டுமே அது பொருந்தும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

இப்படி நகர்ந்தும் அமுங்கியும் போகும்போது உச்சியில் வெடிப்பு விழுகிறது. கரையின் நீளவாக்கில் ஓடும் வெடிப்புதான் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சாலை பிளந்ததுபோல நூறு மீட்டர்கூடப் போகும். பெரும்பாலும் ஆபத்து அதில் இல்லை. கரையைக் குறுக்கே வெட்டும் வெடிப்பு, அகலம் விரல் அளவே இருந்தாலும், தண்ணீருக்கு நேர்வழி. அணை இரு முனைகளிலும் மலையைத் தொடும் இடத்தில், ஒரு பக்கம் மண் அமுங்க, மறுபக்கம் பாறை அசையாமல் நிற்க, அங்கேதான் இது உண்டாகும். மதகுக் குழாயை ஒட்டியும் உண்டாகும். உள்ளே புகும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறத் தொடங்கினால், குலுக்கலில் தப்பிய அணை சில மணி நேரத்தில் போய்விடும். இதற்குத்தான் இன்றைய அணைகளில் களிமண் உள்ளகத்தை ஒட்டி, அளவெடுத்த மணலால் வடிகட்டி அடுக்கு வைக்கிறார்கள். வெடிப்பில் நீர் வந்தால், அது இழுத்துவரும் மண்ணை அந்த மணல் தடுத்து நிறுத்தும். வெடிப்பு தானாகவே அடைபடும். ஓர் அணைக்குச் செலவைக் குறைக்க எதை வேண்டுமானாலும் குறைக்கட்டும், இந்த அடுக்கில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அலையும் ஓர் ஆபத்து. 1959 ஆகஸ்ட் 17 இரவு, மொன்டானாவில் 7.3 அளவுள்ள நிலநடுக்கம் ஹெப்கன் ஏரியின் படுகையையே சாய்த்துவிட்டது. ஏரி முழுவதும் ஒரு பக்கமும் மறுபக்கமுமாக ஆடி, அணையின் தலைக்கு மேல் பல முறை வழிந்தது. இருபுறமும் மண் இறங்கிப் போய், நடுவில் கான்கிரீட் சுவர் மட்டும் வெளியே தெரிந்தது. அணை நின்றது.

இந்தியாவுக்கு இந்தப் பாடம் 2001 ஜனவரி 26 காலை 8.46-க்கு வந்தது. பூஜ் நிலநடுக்கம் என்றால் இடிந்த வீடுகள்தான் நினைவுக்கு வரும். கட்ச் பகுதியின் பாசன அணைகள் பட்ட பாடு செய்தித்தாள்களில் அதிகம் இடம்பெறவில்லை. சாங், சிவலகா, தாபர், ருத்ரமாதா, சுவி, காஸ்வதி, ஃபதேகட் என்று நடுத்தர அணைகளும், இன்னும் பல சிறு அணைகளும் சேதமடைந்தன. 1959-ல் கட்டிய, பதினைந்து மீட்டர் உயரமுள்ள சாங் அணை ஏறக்குறைய முழுவதும் அமுங்கி, பிளந்து, உருவம் குலைந்தது. நீர்ப்பக்க அடிவாரத்தில் மணலும் நீரும் பீறிட்டு வந்த தடங்கள் இருந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அது வறட்சிக் காலம். நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. தண்ணீரே இல்லாத ஏரியில் மண் எப்படித் திரவமாகும்? படுகை மேலே காய்ந்திருந்தாலும், நீர்ப்பக்கச் சரிவின் கீழே ஆற்று வண்டலில் ஈரம் முழுமையாக ஊறியிருந்தது. அணையின் உடம்பைவிட அடித்தளமே கைவிட்டது. ஆற்றுப் படுகையின் தளர்ந்த வண்டலைத் தோண்டி அகற்றாமலோ கெட்டிப்படுத்தாமலோ அதன் மேலேயே கரை எழுப்பினால், கரை எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தும் பயனில்லை. ஏரி காலியாக இருந்ததால் கட்சில் அணை உடைந்து வெள்ளம் வரவில்லை. பருவமழைக்கு முன் கரைகளைத் தற்காலிகமாகவேனும் செப்பனிட அரசுக்கு நான்கைந்து மாதம் கிடைத்தது. அதே நிலநடுக்கம் நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் செப்டம்பரில் வந்திருந்தால் அந்த அவகாசம் கிடைத்திருக்காது.

ஃபுகுஷிமாவுக்குக் கிடைக்கவில்லை. 2011 மார்ச் 11 அன்று 9.0 அளவுள்ள நிலநடுக்கம் கடலடியில் நிகழ்ந்தபோது, சுகாகாவா நகரின் மலைப்பகுதியில் ஃபுஜினுமா ஏரி ஏறக்குறைய நிரம்பி நின்றது. நெல் நடவுக்காகச் சேர்த்துவைத்த நீர், சுமார் 15 லட்சம் கன மீட்டர். 18.5 மீட்டர் உயரமுள்ள அந்த அணையை 1937-ல் தொடங்கினார்கள். போர் குறுக்கிட்டு வேலை நின்று, 1949-ல்தான் முடிந்தது. கரையின் மேல்பகுதி மணற்பாங்கான மண், சரியாகக் கெட்டிப்படுத்தாதது. அடித்தளத்தில் மரத்தின் அடிக்கட்டைகளைக்கூட அகற்றாமல் விட்டிருந்தார்கள் என்பது பின்னர் தெரிந்தது. உச்சி அமுங்கிச் சரிந்தது. நீர் அதன் மேல் ஏறி வழிந்தது. நிலநடுக்கம் வந்து அரை மணி நேரத்துக்குள் அணை உடைந்து, மரங்களை வாரிச் சுருட்டிக்கொண்டு கீழே உள்ள கிராமத்தில் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள்; ஒருவர் கிடைக்கவே இல்லை. அன்று சுனாமி கொண்டுபோன ஆயிரக்கணக்கானோரின் எண்ணிக்கைக்கு முன்னால் இந்த எட்டுப் பேர் உலகின் கண்ணில் படவில்லை. அணைகளைப் பற்றி எழுதுகிறவர்களாவது அவர்களை மறக்கக் கூடாது.

சான் ஃபெர்னாண்டோ, சாங், ஃபுஜினுமா மூன்றும் தளர்வான மண்ணின் கதை. வந்து நின்ற தண்ணீரின் அளவு மட்டும் வேறு வேறு. மாறாக, 2008 மே 12 அன்று சீனாவின் வென்சுவானில் வந்த பெரும் நிலநடுக்கத்தில், மையத்துக்கு 17 கி.மீ. தொலைவிலேயே இருந்த 156 மீட்டர் உயர ஜிப்பிங்பு அணை தாங்கியது. நன்கு கெட்டிப்படுத்திய பாறை நிரப்பும், அதன் முகத்தில் கான்கிரீட் பலகைகளும் கொண்ட அணை. உச்சி முக்கால் மீட்டர் அளவுக்கு இறங்கியது. பலகைகள் சில இடங்களில் உடைந்தும் விலகியும் போயின. நல்ல கட்டுமானத்துக்குக் கிடைத்த வெற்றி அது, ஐயமில்லை. ஆனால் அன்று நீர்மட்டம் முழுக் கொள்ளளவைவிட ஏறத்தாழ ஐம்பது மீட்டர் கீழே இருந்தது. நிரம்பிய நீர்த்தேக்கத்தோடு அந்தச் சோதனை நடக்கவில்லை.

உண்மையாகவே நம்பிக்கை தரும் சான்று பழைய இடத்திலேயே கிடைக்கிறது. சரிந்த அணைக்குப் பதிலாக, சற்று மேலே, லாஸ் ஏஞ்சலிஸ் அணையை 1970-களில் புதிதாகக் கட்டினார்கள்: மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி ரோலரால் அழுத்திய மண், உள்ளே வடிகட்டி அடுக்குகள், கெட்டியான அடித்தளம். 1994 ஜனவரி 17 அன்று நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் அதே பள்ளத்தாக்கை 6.7 அளவில் உலுக்கியது. புதிய அணையின் உச்சி இறங்கியது ஒன்பது செ.மீ. அளவுதான். தேக்கத்தை நிறுத்தியபின் துணைக் கரையாக விட்டுவைத்த பழைய அணையில் மறுபடியும் வெடிப்புகள் விழுந்தன, மணல் கொப்பளித்தது. ஒரே குலுக்கல், அருகருகே இரண்டு கரைகள்.

புதிதாகக் கட்டும் அணைகளில் என்ன செய்ய வேண்டும் என்பது இன்று தெளிவாகத் தெரியும். இமயமலையில் பாகீரதி மேல் எழுந்த 260 மீட்டர் உயர டெஹ்ரி அணை, அகன்ற களிமண் உள்ளகமும் பாறைத் தோள்களுமாக இந்த அறிவோடு கட்டப்பட்டது. கவலை பழைய அணைகளைப் பற்றியது. இந்தியாவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரிய அணைகள் உள்ளன. பெரும்பான்மை மண் அணைகள். பலவற்றை எழுப்பியபோது திரவமாதல் என்ற சொல்லே பொறியாளர்களின் பாடத்தில் இல்லை. அவற்றின் அடியில் என்ன மண் இருக்கிறது என்று அறிய நவீனக் கருவிகூட வேண்டாம். துளையிட்டு, ஒரு குழாயை உள்ளே வைத்து, 63.5 கிலோ சம்மட்டியை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி வேண்டும் என்று எண்ணுகிறார்கள். ஐந்து பத்து அடியிலேயே இறங்கினால், நீர் ஊறிய மணலாக இருக்கும் பட்சத்தில், அது எச்சரிக்கை. முப்பதைத் தாண்டினால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. சீடும் சக ஆய்வாளர் இட்ரிஸும் 1971-ல் வெளியிட்ட எளிய கணக்குமுறையும், அதன் பின்வந்த திருத்தங்களும் இந்த அடிகளின் எண்ணிக்கையைத்தான் நம்பியிருக்கின்றன. மோசமான இடங்களில் சரிவின் அடிவாரத்தில் கூடுதலாக மண் மேடு அமைத்துத் தாங்கலாம், மணலைக் கெட்டிப்படுத்தலாம், அல்லது கட்டுமானச் செலவே இல்லாத வழியாக, தேக்கும் மட்டத்தைக் குறைக்கலாம். 2021-ல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் பெரிய அணைகளுக்குப் பாதுகாப்பு ஆய்வைக் கடமையாக்குகிறது. பதினைந்து மீட்டருக்கும் குறைந்த கரைகளில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

நிலநடுக்கத்துக்குப் பிந்தைய மணி நேரங்களுக்கு ஒரு கடைசிச் சான்று. 1978 ஜனவரியில் ஜப்பானின் ஈஸு தீபகற்பத்தில் மோசிகோஷி தங்கச் சுரங்கத்தின் கழிவுத் தேக்கக் கரைகளில் ஒன்று நிலநடுக்கத்தின்போதே உடைந்தது. இன்னொன்று நின்றது; ஆனால் 24 மணி நேரம் கழித்து, தரை அசையாமல் இருந்தபோது, அதுவும் உடைந்தது. ஆகவே குலுக்கல் ஓய்ந்ததும் முதலில் செய்ய வேண்டியது கரையில் நடந்து குறுக்கு வெடிப்பையும் புதுக் கசிவையும் தேடுவது. கசியும் நீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பார்ப்பது. கலங்கலானால் கீழே இருப்பவர்களை எழுப்பிவிட்டு நீர்மட்டத்தை இறக்குவது. சான் ஃபெர்னாண்டோவில் மூன்று நான்கு நாட்களில் இறக்க முடிந்தது, அதற்கான குழாய்கள் இருந்ததால். வயலுக்குத் தண்ணீர் விடும் அளவுக்கே மதகு வைத்துக் கட்டிய பாசன அணைகளில் அதே வேலைக்கு வாரக்கணக்கில் ஆகும்.